மூங்கில் நட்சத்திரமும் கோதுமைப் புல்லும்: மூன்று டிசம்பர்களின் கணக்கு

ஜனவரி 6, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று இராசாக்களின் திருநாள். இரவு எட்டரை மணிக்கு முகப்பில் தொங்கிய நட்சத்திரத்தை இறக்கிக் கூடத்துத் தரையில் கிடத்தினேன். முப்பது இரவுகள் எரிந்திருக்கிறது. சிவப்புத் தாள் கொஞ்சம் வெளுத்திருந்தது. பக்கவாட்டில் ஓரிடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். மற்றபடி ஐந்து முனைகளும் கட்டியபடியே இருந்தன. 2022இல் தொடங்கிய வேலை 2024 கிறிஸ்துமஸுக்குத்தான் முழுதாக நிறைவேறியது. அளவுகளும் செலவும் மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன்.

தொடக்கம் மகளின் கேள்வி. 2022இல் அவளுக்கு ஐந்து வயது. கடையில் வாங்கிய அட்டை நட்சத்திரத்தை விரித்துக்கொண்டிருந்தபோது, "இதற்குள் எலும்பு இருக்கிறதா அப்பா?" என்று கேட்டாள். மடிப்பு மட்டுந்தான் இருந்தது. நான் வளர்ந்த நாகர்கோவில் பக்கத்துத் தெருவில் அந்நாளில் எல்லா வீட்டிலும் மூங்கிலில்தான் நட்சத்திரம் கட்டுவார்கள். அண்ணன்மார் கட்டுவார்கள், நான் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முடிச்சுப் போட ஒருநாளும் விட்டதில்லை. எலும்புள்ள நட்சத்திரம் ஒன்றை அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

எங்கள் மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் நிறைவடையும். அதற்குப் பிறகுதான் வீடுகளில் கிறிஸ்துமஸ் குடில் வேலை சூடுபிடிக்கும். 2022இல் நானும் அப்படியே 4ஆம் தேதி மூங்கில் வாங்கினேன். வெட்டுக்கத்தியால் நானே பிளந்தேன். பிளாச்சு ஒவ்வொன்றும் 8 மி.மீ. தடிமன். கண் மதிப்பில் வெட்டி, கட்டுக்கம்பியால் முறுக்கினேன். சிராய் குத்தும், கம்பி கிழிக்கும் என்று பிள்ளைகள் இருவரையும் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்; மகனுக்கு அப்போது இரண்டு வயது, பார்த்துப் பார்த்துத் தூங்கிவிட்டான். குறுக்குக் கட்டைகளைச் செருகி விரித்தபோது ஒரு பிளாச்சு கணுவில் சடக்கென்று முறிந்தது. முட்டுக்கொடுத்துக் கட்டிய பிறகு ஒரு கை நீண்டும் ஒரு கை குட்டையாகவும் நின்றது. உள்ளே 60 வாட் குண்டு பல்பு. மூன்றாம் இரவு தாள் கருகும் வாசனை வந்தது. உள்ளங்கை அளவு பழுப்புத் தழும்பு. உடனே அணைத்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு முகப்பில் இருட்டு நட்சத்திரம்தான் தொங்கியது.

அந்த ஆண்டின் பெரிய தவறு பல்பு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் நின்ற இடத்தைவிடத் தள்ளி மகளை நிறுத்தியதுதான் பெரிய தவறு. பசைக் கிண்ணம்கூட அவள் கையில் இல்லை.

2023இல் முதல் வேலையாகத் தரையில் சுண்ணக்கட்டியால் நட்சத்திரத்தை முழு அளவில் வரைந்தேன். அளவு பிடிபட்டது அப்போதுதான். பிளாச்சு முனைக்கு முனை 90 செ.மீ. என்றால், இரண்டு முனையிலிருந்தும் 34.4 செ.மீ.இல் ஒவ்வொரு கோடு போட வேண்டும், நடுவில் 21.2 செ.மீ. மிஞ்சும். மற்ற பிளாச்சுகள் அந்த இரண்டு கோட்டிலும்தான் குறுக்கே போக வேண்டும். வேறு நீளம் வேண்டுமானால் நீளத்தை 0.382ஆல் பெருக்கினால் கோடு விழும் இடம் கிடைக்கும். 60 செ.மீ. பிளாச்சுக்கு 22.9. இந்த ஒரு எண் தெரியாமல்தான் முதலாண்டு கை நீண்டும் குறுகியும் போனது.

சட்டம் அழகாக வந்தது. 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, தெருவே பார்க்கும்படி தொங்கவிட்டேன். அதுவும் தவறு. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி, நெல்லை மக்கள் வீடு வாசல் இழந்து நின்ற நாட்களில் ஒரு காகித நட்சத்திரத்துக்காக வருந்துவது முறையல்ல. மழை விட்டதும் எங்கள் பங்குக் கோவிலிலிருந்து அரிசியும் போர்வையும் போயின, பிள்ளைகளும் பொட்டலம் கட்டினார்கள். ஆனால் மழையன்று காலை மாடியில் சிவப்புச் சாயம் சுவரெல்லாம் வழிந்து, வெறும் மூங்கில் சட்டம் சுழன்றுகொண்டிருந்ததைப் பார்த்து மகள், "எலும்பு தெரிகிறது" என்று மெல்லச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தைப் பரணில் வைத்தேன். 2024 அக்டோபரில் எடுத்தபோது உளுத்துப் போயிருந்தது. தட்டினால் மாவு கொட்டியது. கூடை முடையும் அம்மா ஒருவர்தான் காரணம் சொன்னார்: பச்சை மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போடாமல் காயவைத்தால் வண்டு விடாது. அவரிடமே ஒரு கழியைப் பிளக்கக் கொடுத்தேன். நான் 8 மி.மீ.க்குக் கீழே போகத் திணறிய இடத்தில் அவர் 3 மி.மீ. தடிமனில், ஒன்றேகால் செ.மீ. அகலத்தில் பதினான்கு பிளாச்சுகளைப் பத்தே நிமிடத்தில் உரித்துத் தந்தார். தேவை பத்து, நான்கு முறிவுக்கு. நீளம் 93 செ.மீ., முனையில் முடிச்சுக்கு ஒன்றரை ஒன்றரை சேர்த்து.

நவம்பர் 16 முதல் மூன்று வாரம் துணி துவைக்கும் தொட்டியில் கல் ஏற்றி ஊறப்போட்டேன். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாற்றம் தாங்காது. நான்கு வயது மகன் அந்த வேலையை விரும்பி ஏற்றுக்கொண்டான். அடைப்பைப் பிடுங்குவது அவன் உரிமை. டிசம்பர் 6ஆம் தேதி எடுத்து ஒரு நாள் நிழலில் உலர்த்தினேன். முழுக்கக் காயவிடக் கூடாது. லேசான ஈரம் இருந்தால்தான் வளையும்.

7ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டத் தொடங்கினோம். முதலில் நான் மட்டும் எல்லாப் பிளாச்சுகளையும் உப்புத்தாளால் தேய்த்தேன், குறிப்பாக ஓரங்களை. சிராய் போன பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். மகள் முடிச்சுக்கான ஒன்றரையை விட்டு, அளவு நாடாவை வைத்து 34.4இல் பேனாவால் கோடு போட்டாள். பத்துப் பிளாச்சு, இருபது கோடு. ஒன்றில் மட்டும் நாடாவைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள்; அடுத்த பிளாச்சோடு சேர்த்து வைத்தபோது அவளே கண்டுபிடித்து அழித்தாள்.

ஐந்து பிளாச்சுகளில் ஒரு தட்டை நட்சத்திரம். கோட்டுக்குக் கோடு வைத்து, ஒன்றின் மேலும் அடுத்ததின் அடியிலும் போகும்படி பின்னினால் கட்டும் முன்பே பாதி நின்றுவிடும். மூங்கிலின் தோல் பக்கம் வெளியே பார்க்க வேண்டும்; வளையும்போது தோல்தான் தாங்கும். கட்டுக்கம்பி இம்முறை இல்லை. பருத்தி நூலை மைதாப் பசையில் தோய்த்து ஐந்து சுற்று, பிறகு முடிச்சு. தோய்க்கும் வேலை மகனுக்கு, முடிச்சு மகளுக்கு. அவளுக்குத் தெரிந்தது காலணிக் கயிற்றின் முடிச்சுதான். அதையே இரண்டு தடவை போட்டாள். பசை காய்ந்ததும் கல் போல ஆகிவிட்டது.

இதே போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டினோம். அடுத்து, நடுவில் உள்ள ஐங்கோணத்தின் ஐந்து மூலைகளிலும் 20 செ.மீ. குறுக்குக் கட்டைகளைச் செருகி விரிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் 2022இல் முறிந்தது. வரிசையாகச் செருகாமல் ஒன்று விட்டு ஒன்றாகச் செருகினால் பாரம் சமமாகப் பிரிகிறது. மூன்றாவது கட்டையின்போது ஒரு முனைக்கட்டு நழுவியது. மறுபடி கட்டினோம். ஐந்தாவது கட்டை போனதும் தட்டையாகக் கிடந்தது எழுந்து உட்கார்ந்தது. மகன் கைதட்டினான். மகள் ஒரு முனை இடுக்கில் கண்ணை வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அப்போது ஒன்றேகால்.

பசை: நூறு கிராம் மைதா, அரை லிட்டர் தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிளறினேன். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு, சிறுபிள்ளைகள் கை நனைக்கும் கிண்ணத்தில் கூடவே கூடாது. வேப்பிலை கொதித்த தண்ணீரில் மைதாவைக் கரைத்தேன். பசை லேசாகப் பச்சை தட்டியது, தாளில் தெரியவில்லை. கரப்பானும் எறும்பும் அண்டவில்லை.

தாள் ஒட்டுவதுதான் அதிக நேரம் பிடித்த கட்டம். மொத்தம் இருபத்திரண்டு துண்டுகள்: முன்னும் பின்னும் கைகளுக்குப் பத்து முக்கோணம், பக்கவாட்டில் ஒடுங்கிய பத்து முக்கோணம், நடுவே இரண்டு ஐங்கோணம். பின்பக்க ஐங்கோணத்தைத் திறந்தே விட்டோம், பல்பு மாட்டவும் சூடு வெளியேறவும். ஆக இருபத்தொன்று. பட்டம் விடும் மெல்லிய தாள், கைகளுக்குச் சிவப்பு, பக்கங்களுக்கு வெள்ளை. ஒவ்வொரு துண்டையும் எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. கூட்டி வெட்டி மடித்து ஒட்டினோம்.

பக்கவாட்டு வெள்ளைத் துண்டுகளை மகனுக்கு ஒதுக்கினேன். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அவை அவ்வளவாகத் தெரியாது என்ற எண்ணம்தான். அவன் ஒட்டிய தாள் முழுக்கச் சுருக்கம். கை ஈரம் பட்டுப் பட்டு நனைந்தும் இருந்தது. ஞாயிறு காலை பார்த்தால், அவன் ஒட்டிய தாள்கள்தான் பறைத்தோல் போல விறைத்து நின்றன. நான் கவனமாகக் காய்ந்த கையால் ஒட்டிய சிவப்புத் தாள்கள் தொளதொளத்தன. ஈரம் பட்ட தாள் காயும்போது இறுகுகிறது! பிழிந்த துணியால் சிவப்பையும் ஒற்றி எடுத்தேன். சாயம் துளி கசிந்தாலும் சுருக்கம் போய்விட்டது. இனி எங்கள் வீட்டில் இது அவன் கண்டுபிடிப்பு என்றே சொல்லப்படும்.

விளக்கு 9 வாட் எல்இடி. ஒயரை எங்கும் ஒட்டுப்போடவில்லை. ஆறு மீட்டரும் ஒரே துண்டு. 2022இல் முறுக்கி நாடா சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் அது நான் எடுத்திருக்கக் கூடாத ஆபத்து. முகப்புக் கூரையின் விளிம்பிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளித் தொங்கவிட்டதால் சாரல் படவில்லை. சுவிட்ச் வீட்டுக்குள். ஒற்றைப்படைத் தேதிகளில் மகள் போடுவாள், இரட்டைப்படையில் மகன். 31க்கு அடுத்து 1 வந்தபோது அவளுக்கே இரண்டு நாள் தொடர்ந்து கிடைத்ததில் பெரிய வழக்கு நடந்தது. புத்தாண்டுக்கு இருவரும் சேர்ந்து போட்டார்கள். நாளுக்கு ஐந்து மணி நேரம், முப்பது நாள், மொத்தம் 1.35 யூனிட். பழைய பல்பாக இருந்தால் ஒன்பது யூனிட்.

செலவு: மூங்கில் 180, பிளந்த கூலி 100, தாள் எட்டு 64 (ஆறுதான் தேவைப்பட்டது), நூல் 30, உப்புத்தாள் 30, ஒயரும் ஹோல்டரும் 140, பல்பு 90. மொத்தம் 634 ரூபாய். கடை நட்சத்திரம் இதில் பாதிக்குக் கிடைக்கும். சட்டமும் ஒயரும் பல்பும் அடுத்த ஆண்டுக்கும் உண்டு.

இனிக் குடில். ஓலைக் கூரையும் சாக்கு மலையும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புல்லைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் உண்மையான வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துக் குடில் அமைத்ததை 2023இல், அதன் எண்ணூறாவது ஆண்டில், கோவிலில் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து பச்சைச் சாயம் போட்ட மரத்தூளை மகள் ஏற்கவில்லை. "மாடு அதைத் தின்னாது" என்றாள்.

அதற்கு முந்தைய ஆண்டு நெல்லை ஊறவைக்காமல் 15ஆம் தேதி தூவியிருந்தேன். 24ஆம் தேதி ஊசிமுனை போல எட்டிப்பார்த்தது. 2023இல் கோதுமை, நன்றாக வந்ததை முற்றத்தில் வைத்துவிட்டு வெளியே போனபோது பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளறித் தீர்த்தன. 2024இல் 250 கிராம் கோதுமையைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் முடிந்து, முளை விட்டதும் டிசம்பர் 14 அன்று தட்டில் பரப்பினோம். தட்டு 30க்கு 45 செ.மீ., அடியில் ஓட்டை, தென்னை நார்க் கழிவும் மண்ணும் கலந்து இரண்டு அங்குலம். இடம் சமையலறை ஜன்னல், கோழிக்கு எட்டாது. மகள் தினமும் அளவுகோல் வைத்துச் சுவரில் குறித்தாள்: 19ஆம் தேதி 4 செ.மீ., 21இல் 8, 24 காலை 14. தேதி கச்சிதம். பத்து நாள் போதும். முன்னதாக விதைத்தால் சாய்ந்துவிடும்.

மிஞ்சிய முளைகளை ஒரு கிண்ணத்தில் போட்டுப் படிக்கட்டு அடியில் வைத்து மறந்துவிட்டேன். 22ஆம் தேதி எடுத்தால் 17 செ.மீ. உயரம், வெளிர் மஞ்சள். கெட்டுப்போனதென்று கொட்டப் போனேன். என் அம்மா தடுத்தார். "முளைப்பாரியை இருட்டில் வைத்துத்தானே இப்படி மஞ்சளாக வளர்க்கிறார்கள், அழகாகத்தானே இருக்கிறது" என்றார். மகன் அதை அள்ளிக்கொண்டுபோய்க் குடிலில் குழந்தை இயேசுவைக் கிடத்தும் முன்னணையைச் சுற்றி வைத்தான். சுற்றிலும் பச்சை, நடுவில் பொன்னிறம். நான் திட்டமிட்டிருந்தால் இப்படி வந்திராது.

அன்று மாலை முந்திரிக்கொத்து. வறுத்த பயற்று மாவும் பாகும் தேங்காயும் சூடாறும் முன் உருட்ட வேண்டும் என்பதால் எல்லாக் கைகளும் வேண்டியிருந்தது. மகனின் உருண்டைகள் கோலிக்குண்டு அளவு. அவற்றை மூன்று மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் முக்கித் தனியாகப் பொரித்த மனைவி, தனி டப்பாவில் வைத்தார். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து குழந்தை இயேசு சுரூபத்தைக் குடிலில் வைத்ததும், முதலில் திறந்தது அந்த டப்பாதான்.

மூன்று இராசாக்களின் சுரூபங்களை டிசம்பர் 25 அன்று குடிலிலிருந்து 180 செ.மீ. தள்ளி, புத்தக அலமாரி ஓரத்தில் நிறுத்தினோம். 26 முதல் நாளுக்கு ஒரு சாண் நகர வேண்டும். யார் சாண் என்பதில் சண்டை வந்து, மாறி மாறி என்று தீர்ந்தது. அவள் சாண் 14, அவன் சாண் 11. பன்னிரண்டு நாளில் 150 செ.மீ.தான் வந்தது. ஜனவரி 6 காலையில் இராசாக்கள் இன்னும் 30 செ.மீ. தூரத்தில் நிற்க, இருவரும் என்னைப் பார்த்தார்கள். "கடைசி நாள் ஒட்டகம் ஓடும்" என்றான் மகன். ஓடவிட்டோம். அடுத்த ஆண்டு சாண்கள் வளர்ந்திருக்கும். டிசம்பர் 25 அன்றே அளந்து பார்த்துவிட்டு இடம் குறிக்க வேண்டும்.

வேறு மாற்ற வேண்டியவை: குறுக்குக் கட்டையை 20க்குப் பதில் 24 செ.மீ. ஆக்கினால் பல்புக்கும் தாளுக்கும் இடைவெளி கூடும். சிவப்புக்குப் பதில் மஞ்சள் தாளைப் பார்க்க வேண்டும், வெளுத்தாலும் உறுத்தாது. சட்டத்தைப் பரணில் வைக்காமல் காற்றோட்டமான கொக்கியில் மாட்டியிருக்கிறேன். உளுக்கிறதா என்று மாதம் ஒருமுறை தட்டிப்பார்ப்பது மகளின் பொறுப்பு.

மகன் முடிச்சுப் போடக் கேட்கிறான். சட்டம் தாங்கினாலும் அவனுக்காக 60 செ.மீ.இல் இன்னொன்று கட்ட வேண்டியிருக்கும். நவம்பர் 10க்குள் மூங்கில்.